வோல்டேஜ் சரியும்போது மைக்ரோகன்ட்ரோலரின் புரோகிராம் அழியாமல் காப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் கிள்ளான் பக்கத்திலும் ஆட்டோகேட் (மோட்டாரில் தானாகத் திறக்கும் வீட்டு கேட்) போர்டு, தண்ணீர்த் தொட்டி பம்ப் கன்ட்ரோலர், மீன் தொட்டி டைமர் என்று, மைக்ரோகன்ட்ரோலர் (புரோகிராமை ஏற்றி ஓட்டும் சின்னக் கணினி சிப்) வைத்த சின்னச் சின்ன போர்டுகளைச் செய்பவர்களும் பழுது பார்ப்பவர்களும் நம்மவர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பொலிடெக்னிக் மாணவர்களும் புராஜெக்ட் சமர்ப்பிக்கும் நேரத்தில் இதே சிக்கலோடுதான் வருகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இங்கே. எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் ஏடிமெகா328பி சிப்பையே எடுத்திருக்கிறேன். அர்டுயினோ ஊனோவில் (ஆர்3 வரை) இருப்பது அதுதான், நம் கைகளில் அதிகம் புழங்குவதும் அதுதான்.

நேற்று வரை நன்றாக ஓடிய போர்டு, கரண்டு போய் வந்ததும் செத்துவிட்டது. புரோகிராமை மறுபடி ஏற்றினால் ஓடுகிறது. என்ன நடந்தது?

ஃபிளாஷில் (சிப்பின் உள்ளே புரோகிராம் தங்கும் நினைவகம்) இருந்த புரோகிராமில் ஏதோ ஒரு பகுதி அழிந்திருக்கிறது, அல்லது மாறியிருக்கிறது. சிப் எரிந்திருந்தால் மறுபடி ஏற்றினாலும் ஓடாது.

ஆனால் தயவுசெய்து அவசரப்பட்டு மறுபடி ஏற்றிவிடாதீர்கள். ஏற்றிவிட்டால் சாட்சி போய்விடும். முதலில் புரோகிராமரை (சிப்பில் புரோகிராமை எழுதவும் படிக்கவும் உதவும் கருவி) மாட்டி, சிப்பில் இப்போது இருப்பதை அப்படியே படித்து ஒரு ஃபைலில் சேமியுங்கள். அப்புறம் அதை உங்கள் மூல ஹெக்ஸ் ஃபைலோடு ஒப்பிடுங்கள். ஏடிமெகா328பியில் ஃபிளாஷின் ஒரு பக்கம் 128 பைட். சரியாக ஒரு பக்கம் முழுவதும் எஃப்எஃப் (அழித்த, காலியான பைட்) என்று இருந்தால், யாரோ அழிக்கும் கட்டளை கொடுத்து, எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். அந்த ‘யாரோ’ உங்கள் சிப்பேதான்.

இரண்டும் ஒத்துப்போனால் ஃபிளாஷ் மேல் பழி இல்லை. ஈஈப்ரோம் (அமைப்புகளைச் சேமிக்கும் தனி நினைவகம்), கிரிஸ்டல், ரீசெட் பின், சப்ளை என்று வேறு இடத்தில் தேட வேண்டும். ஆட்டோகேட்டில் ‘கேட் வேலை செய்கிறது, ஆனால் ரிமோட்டை மறந்துவிட்டது’ என்று வருவதெல்லாம் பெரும்பாலும் ஈஈப்ரோம் தகவல் கெட்ட கதை. படிக்க முடியாதபடி லாக் போட்ட சிப்பில் இந்தச் சோதனை நடக்காது.

வோல்டேஜ் குறைந்தால் ஃபிளாஷ் ஏன் அழிய வேண்டும்? மின்சாரம் இல்லாமலும் நினைவு நிற்பதுதானே ஃபிளாஷ்?

சரியான கேள்வி. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

இந்த சிப்பின் தரவுத்தாளில் 25 டிகிரி செல்சியஸில் 100 ஆண்டு, 85 டிகிரியில் 20 ஆண்டு தகவல் நிற்கும் என்று போட்டிருக்கிறது. அதாவது பூஜ்ய வோல்ட்டில் டப்பாவில் போட்டு வைத்தால் ஒன்றும் ஆகாது. முழு 5 வோல்ட்டிலும் ஒன்றும் ஆகாது. ஆபத்து நடுவில் இருக்கிறது: பிராசசர் ஓடுவதை நிறுத்தும் அளவுக்கு வோல்டேஜ் குறையவில்லை, சரியாக ஓடும் அளவுக்குப் போதவும் இல்லை. அந்த இடைப்பட்ட பகுதி.

அங்கே இரண்டு விதமாகக் கெடுகிறது. ஒன்று, உண்மையாகவே ஒரு எழுத்து வேலை நடந்துகொண்டிருக்கும்போது வோல்டேஜ் விழுகிறது. ஃபிளாஷில் ஒரு பக்கத்தை அழிக்கவோ எழுதவோ கிட்டத்தட்ட 4 மில்லிசெகண்ட் பிடிக்கும். அந்த நேரத்தில் போதிய வோல்டேஜ் இல்லையென்றால் வேலை அரைகுறையாக நிற்கும்.

இரண்டாவதுதான் பலருக்குத் தெரியாதது, அதிகம் குழப்புவதும் அதுதான். எழுதும் எண்ணமே இல்லாத புரோகிராம்கூட எழுதிவிடும். குறைந்த வோல்டேஜில் பிராசசர் கட்டளைகளைத் தவறாகப் படிக்கிறது. கூட்டச் சொன்னால் தாவுகிறது, தாவச் சொன்னால் வேறு எங்கோ தாவுகிறது. அப்படித் தாவும்போது பூட்லோடருக்குள் (புது புரோகிராமை வாங்கி ஃபிளாஷில் எழுதும் சின்ன புரோகிராம்) இருக்கும் ‘பக்கத்தை அழி’ என்ற துண்டுக்குள் போய் விழுந்தால், அது சொன்ன வேலையைச் செய்துவிடும். ‘ரிஜிஸ்டரில் (சிப்பின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டு இடம்) குறி வைத்த 4 கிளாக்குக்குள் (கிளாக் என்பது பிராசசரின் ஒரு துடிப்பு) எழுதும் கட்டளை வந்தால்தான் எழுதும், அந்தப் பாதுகாப்பு இருக்கிறதே’ என்று சிலர் கேட்பார்கள். பூட்லோடரில் அந்தக் குறியும் கட்டளையும் சரியான வரிசையில் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. தவறி உள்ளே விழுந்தவனுக்கும் அதே கதவு திறக்கும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வோல்டேஜ் போதாத நேரத்தில் பிராசசரை ஓட விடக்கூடாது, ரீசெட்டில் பிடித்து வைக்க வேண்டும்.

கரண்டு சட்டென்று போனால் ஆபத்தா, மெதுவாகக் குறைந்தால் ஆபத்தா?

மெதுவாகக் குறைவதுதான். ‘பெரிய கப்பாசிட்டர் போட்டிருக்கிறேன், பயமில்லை’ என்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுவேன். 5 வோல்ட் லைனில் 1000 மைக்ரோஃபாரட், போர்டு இழுப்பது 10 மில்லியாம்பியர் என்று வையுங்கள். சப்ளை நின்றதும் வோல்டேஜ் விநாடிக்கு 10 வோல்ட் வேகத்தில் இறங்கும். ஆபத்தான பகுதி 2 வோல்ட் அகலம் என்றால் அதைக் கடக்க 0.2 விநாடி. 16 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்கு அது 32 லட்சம் கிளாக். அத்தனை கிளாக்கில் ஒரே ஒரு தவறான தாவல் போதும்.

சோலாரில் ஓடும் போர்டுகளிலும் பழைய பேட்டரியில் ஓடும் ஆட்டோகேட்டிலும் இது இன்னும் மோசம். வோல்டேஜ் மணிக்கணக்கில் அந்த இடைப்பட்ட பகுதியிலேயே தவழ்ந்துகொண்டிருக்கும். விடியற்காலையில் சோலார் பேனலில் வெளிச்சம் பட்டு வோல்டேஜ் மெல்ல ஏறும் நேரமும் இதே கணக்குதான்.

எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) கரண்டு போகவே இல்லை. மாலையில் இடி இடித்தபோது விளக்கு ஒரு தடவை மங்கியது, அவ்வளவுதான். அதற்கா இப்படி?

அதற்கும்தான். 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட். சில சுற்றுகளுக்கு 230 வோல்ட் பாதியாகக் குறைந்தாலே கண்ணுக்கு மங்கல் தெரியும். உங்கள் சின்ன அடாப்டரின் வெளியீடும் அதோடு சேர்ந்து அமுங்கலாம்.

இது பெரிய ஆலைகளையும் விடுவதில்லை. பினாங்கு பாயான் லெப்பாஸில் வேலை செய்பவர்கள் செமி எஃப்47 என்ற தரத்தைக் கேள்விப்பட்டிருப்பார்கள். செமிகண்டக்டர் இயந்திரங்கள், சப்ளை 50 சதவீதமாகக் குறைந்தால் 200 மில்லிசெகண்டும், 70 சதவீதமானால் அரை விநாடியும், 80 சதவீதமானால் ஒரு விநாடியும் தாங்கி ஓட வேண்டும் என்கிறது அது. நம் போர்டு தாங்கி ஓடாவிட்டாலும் பரவாயில்லை, ஒழுங்காக நின்று ஒழுங்காகக் கிளம்பினால் போதும்.

வெளியிலிருந்து எதுவும் வராமலும் இது நடக்கும். ஆட்டோகேட் மோட்டார் கிளம்பும் நொடியில் அது இழுக்கும் கரண்டில், தளர்ந்துபோன 12 வோல்ட் பேட்டரி படுத்து எழுந்திருக்கும். மீட்டரில் அது தெரியாது, ஆசிலோஸ்கோப்பில்தான் தெரியும்.

பிரவுன்-அவுட் டிடெக்டரை (வோல்டேஜ் குறைந்தால் சிப்பை ரீசெட்டில் பிடித்து வைக்கும் உள் காவல்) எந்த வோல்ட்டில் வைப்பது?

இதை மேலோட்டமாக விடக்கூடாது. பலர் டிடெக்டரை ஆன் செய்திருக்கிறார்கள், ஆனால் தவறான நிலையில் வைத்திருக்கிறார்கள்.

ஏடிமெகா328பியில் மூன்று நிலைகள்: 1.8, 2.7, 4.3 வோல்ட். வோல்டேஜ் அந்த அளவுக்குக் கீழே போனால் சிப் தன்னைத்தானே ரீசெட்டில் பிடித்துக்கொள்ளும். எந்த நிலை வேண்டும் என்பதை உங்கள் கிளாக் வேகம்தான் முடிவு செய்கிறது. இந்த சிப் 4 மெகாஹெர்ட்ஸில் 1.8 வோல்ட் இருந்தாலே சரியாக ஓடும். 10 மெகாஹெர்ட்ஸுக்கு 2.7 வேண்டும், 20 மெகாஹெர்ட்ஸுக்கு 4.5 வேண்டும். இடையில் நேர்கோடு.

16 மெகாஹெர்ட்ஸுக்குக் கணக்குப் போடுங்கள். 10லிருந்து 20க்குப் போகும் வழியில் பத்தில் ஆறு பங்கு தூரம். 2.7லிருந்து 4.5க்கு 1.8 வோல்ட் வித்தியாசம், அதில் பத்தில் ஆறு பங்கு 1.08. கூட்டினால் 3.78 வோல்ட். ஆக, 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சிப்புக்கு 3.78க்குக் கீழே உத்தரவாதம் கிடையாது.

அர்டுயினோ ஊனோ போர்டு வரும்போது டிடெக்டர் 2.7 வோல்ட்டில் இருக்கிறது. அப்படியென்றால் 3.78க்கும் 2.7க்கும் நடுவே ஒரு வோல்ட்டுக்கு மேல் காவல் இல்லாத பகுதி. மேசை மேல் வைத்து விளையாடும் போர்டுக்கு அது பரவாயில்லை. ஒருவர் வீட்டு கேட்டில் மாட்டப்போகும் போர்டுக்கு அதை 4.3க்கு மாற்றுங்கள். உற்பத்தி வேறுபாட்டில் 4.3 என்பது 4.1லிருந்து 4.5 வரை எங்கும் இருக்கலாம். 4.1 ஆனாலும் 3.78க்கு மேலேதான்.

4.3 வைத்ததும் போர்டு அடிக்கடி ரீசெட் ஆகிறது என்று சிலர் திரும்பி வருவார்கள். உங்கள் 5 வோல்ட் உண்மையில் 5 வோல்ட் இல்லை என்பதை டிடெக்டர் சொல்கிறது. மெல்லிய யூஎஸ்பி கேபிளை மாற்றிப் பாருங்கள்.

3.3 வோல்ட்டில் ஓட வேண்டிய போர்டு என்றால் 8 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்குங்கள். அதற்கு 2.4 வோல்ட் போதும். 2.7 நிலை மிகக் கீழே போனாலும் 2.5தான், ஆகவே பொருந்தும். 3.3 வோல்ட்டில் 16 மெகாஹெர்ட்ஸ் ஓட்டுவது ‘ஓடுகிறதே’ என்ற நம்பிக்கையில் செய்வது. விற்பனைக்குப் போகும் பொருளில் அதைச் செய்யாதீர்கள்.

கடையில் வாங்கிய புது சிப்பில் இது ஆன் ஆகித்தானே இருக்கும்?

இல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும் ஏடிமெகா328பியில் டிடெக்டர் ஆஃப். ஃபியூஸ் பிட்டை (சிப்பின் அடிப்படை அமைப்பைத் தீர்மானிக்கும் பிட்) நீங்கள்தான் எழுத வேண்டும்.

பேட்டரி போர்டில் டிடெக்டர் கரண்டு தின்கிறது. அணைத்துவிடலாமா?

முழுவதும் அணைக்காதீர்கள். 328பியில் தூங்கும் நேரத்துக்கு மட்டும் மென்பொருளால் டிடெக்டரை அணைக்கும் வசதி இருக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில் பிராசசர் எந்தக் கட்டளையையும் படிப்பதில்லை, அதனால் தவறாகப் படிக்கவும் வழியில்லை. விழிக்கும்போது டிடெக்டர் முதலில் தயாராகி, கிட்டத்தட்ட 60 மைக்ரோசெகண்ட் கழித்துத்தான் புரோகிராம் ஓடத் தொடங்கும். நல்ல ஏற்பாடு, பயன்படுத்துங்கள்.

இஎஸ்பி32இல் (வைஃபை உள்ள மைக்ரோகன்ட்ரோலர்) ‘பிரவுன்அவுட் டிடெக்டர் வாஸ் டிரிகர்ட்’ என்று வந்துகொண்டே இருக்கிறது. ஒரு வரி சேர்த்தால் அது நின்றுவிடும் என்கிறார்களே?

நிற்கும். செய்தி மட்டும் நிற்கும், காரணம் அப்படியே இருக்கும். ரிஜிஸ்டரில் பூஜ்யம் எழுதி டிடெக்டரை அணைக்கும் அந்த ஒரு வரி இப்போது எல்லா மாணவர் புராஜெக்டிலும் இருக்கிறது. பார்க்கவே வருத்தமாக இருக்கிறது.

இஎஸ்பி32 போர்டுகளில் புரோகிராம் பெரும்பாலும் தனி ஃபிளாஷ் சிப்பில் இருக்கும். 3.3 வோல்ட் ஃபிளாஷ் சிப்புகளுக்கு வழக்கமாகக் குறைந்தது 2.7 வோல்ட் வேண்டும். வைஃபை அனுப்பும் நொடிகளில் கரண்டு சட்டென்று எகிறும். அதற்காகத்தான் சப்ளை குறைந்தது 500 மில்லியாம்பியர் தர வேண்டும் என்கிறார்கள். போர்டில் இருக்கும் 1117 வகை ரெகுலேட்டரில் ஒரு வோல்ட்டுக்கும் மேல் இழப்பு. கேபிளில் இறங்கி 4.4 வோல்ட் வந்தால் அதற்கு மிச்சமே இல்லை. குட்டையான தடித்த கேபிள், நல்ல அடாப்டர், சிப்புக்குப் பக்கத்தில் ஒரு 470 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர். பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும்.

எஸ்டிஎம்32 வகை மைக்ரோகன்ட்ரோலர்களில் எப்படி?

எஃப்103இல் சிப் 2.0 வோல்ட் வரை ஓடும், அதற்குச் சற்றுக் கீழே உள்ளேயே ரீசெட் ஆகும். கூடவே 2.2லிருந்து 2.9 வரை வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு வோல்டேஜ் எச்சரிக்கை இருக்கிறது. அது ரீசெட் செய்யாது, இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் அழைப்பு) தரும். அந்த இன்டரப்ட் வந்ததும் எழுத்து வேலையை நிறுத்துங்கள். ஃபிளாஷ் எழுதி முடித்ததும் மறுபடி லாக் செய்துவிட வேண்டும். இரண்டு சாவி எண்கள் கொடுத்தால்தான் அது திறக்கும்.

எஃப்4 வரிசையில் மூன்று நிலை பிரவுன்-அவுட் ரீசெட் இருக்கிறது, ஆனால் எஃப்407 போன்றவை ஆஃப் ஆகித்தான் வருகின்றன. இன்னொன்று: எஃப்4இல் ஒரே முறையில் 32 பிட் எழுத 2.7 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அதற்குக் குறைவானால் எழுதும் அகலத்தைக் குறைக்க வேண்டும்.

வெளியே தனி ரீசெட் ஐசி போட வேண்டுமா?

உள்ளே டிடெக்டர் இல்லாத பழைய சிப், அல்லது உள்ளே இருக்கும் நிலைகள் உங்கள் வேகத்துக்குப் பொருந்தவில்லை என்றால் போடுங்கள். மேக்ஸ்809 மூன்று கால்கள் மட்டுமே உள்ள சின்ன ஐசி. புடு ஜாலான் பாசார் பக்கம் கேட்கும்போது கடைசி எழுத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: எல் என்றால் 4.63 வோல்ட், எம் 4.38, டி 3.08, எஸ் 2.93, ஆர் 2.63. எழுத்து மாறினால் போர்டு கிளம்பவே கிளம்பாது, அல்லது காவலே இருக்காது. வோல்டேஜ் சரியான பிறகும் குறைந்தது 140 மில்லிசெகண்ட் ரீசெட்டில் பிடித்து வைக்கும். மெதுவாக ஏறும் சப்ளைக்கு அது அருமையான குணம்.

ஒரு சிக்கல் உண்டு. 809 தன் வெளியீட்டை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். புரோகிராமர் ரீசெட்டைக் கீழே இழுக்கப் பார்க்கும். இரண்டும் மல்லுக்கட்டும், புரோகிராம் ஏறாது. அதே குடும்பத்தில் திறந்த வெளியீடு (கீழே மட்டும் இழுக்கும், மேலே தள்ளாது) உள்ள மேக்ஸ்803ஐ ஒரு புல்-அப் ரெசிஸ்டரோடு போட்டால் சண்டை இல்லை.

கரண்டு போகும் நேரத்தில் அமைப்புகளைச் சேமிக்க எவ்வளவு கப்பாசிட்டர் வேண்டும்?

சூத்திரம் எளிது: கரண்டை நேரத்தால் பெருக்கி, அனுமதிக்கும் வோல்டேஜ் வீழ்ச்சியால் வகுக்க வேண்டும்.

20 பைட் சேமிக்க வேண்டும் என்று வையுங்கள். ஏடிமெகா328பியில் ஈஈப்ரோம் பைட்டுக்கு 3.4 மில்லிசெகண்ட், ஆக 68. தாராளமாக 70 என்று கொள்வோம். போர்டு 20 மில்லியாம்பியர் இழுக்கிறது. கப்பாசிட்டர் 5 வோல்ட் பக்கம் இருந்தால், டிடெக்டர் வெட்டும் முன் கிடைப்பது அரை வோல்ட்தான். 2800 மைக்ரோஃபாரட் வேண்டும். அதையே ரெகுலேட்டருக்கு முன்னால், 12 வோல்ட் பக்கம் வையுங்கள். 11 வோல்ட்டில் ‘கரண்டு போகிறது’ என்று கண்டுபிடித்தால், 7805க்கு (5 வோல்ட் தரும் ரெகுலேட்டர்) தேவையான 7 வோல்ட் வரை 4 வோல்ட் கிடைக்கும். 350 மைக்ரோஃபாரட் போதும், 470 போட்டால் நிம்மதி. 5 வோல்ட்டும் கடைசி வரை அசையாமல் நிற்கும்.

அந்த கப்பாசிட்டருக்கு முன்னால் ஒரு டயோடு போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் நீங்கள் சேர்த்து வைத்ததை ரிலேயும் மோட்டாரும் குடித்துவிடும். கண்டுபிடித்த உடனே புரோகிராம் செய்ய வேண்டிய முதல் வேலை, ரிலே, எல்இடி எல்லாவற்றையும் அணைப்பது. எழுதுவது அதற்கு அப்புறம்.

பூட்லோடர் வேண்டுமா, வேண்டாமா?

பொருள் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போன பிறகு அதில் புரோகிராம் மாற்றப்போவதில்லை என்றால் வேண்டாம். 328பியில் ஃபிளாஷை எழுதும் கட்டளை பூட் பகுதியிலிருந்து ஓடினால்தான் வேலை செய்யும். அந்தத் துண்டு இல்லையென்றால், வழி தவறும் பிராசசர் போய் விழ இடம் குறைவு. அதோடு லாக் பிட்டுகளால் பயன்பாட்டுப் பகுதி, பூட் பகுதி இரண்டையும் எழுத முடியாதபடி பூட்டிவிடுங்கள். சிப்பை முழுவதும் அழித்தால்தான் அந்தப் பூட்டு திறக்கும், அதற்கு வெளியிலிருந்து புரோகிராமர் வேண்டும்.

பூட்லோடர் அவசியம் என்றால் பூட் பகுதியையாவது பூட்டுங்கள். பயன்பாட்டுக்குத் தாவும் முன் சிஆர்சி (தகவல் மாறியிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) சரிபார்க்கச் சொல்லுங்கள். பொருந்தாவிட்டால் தாவாமல் நின்று, புது புரோகிராமுக்குக் காத்திருக்க வேண்டும்.

ஈஈப்ரோம் தகவலுக்கு என்ன பாதுகாப்பு?

இரண்டு பிரதிகள். ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை எண், கடைசியில் ஒரு சிஆர்சி. எப்போதும் பழைய பிரதியின் மேல் எழுதுங்கள், புதியதைத் தொடாதீர்கள். நடுவில் கரண்டு போனாலும் ஒன்று நிச்சயம் மிஞ்சும். கிளம்பும்போது சிஆர்சி பொருந்துகிறவற்றில் வரிசை எண் பெரியதை எடுங்கள்.

எழுதும் முன் வோல்டேஜைப் பாருங்கள். 328பியின் உள்ளே இருக்கும் 1.1 வோல்ட் ஆதாரத்தை ஏடிசியில் (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) படித்தால், கூடுதல் பாகம் இல்லாமலே சப்ளை எவ்வளவு என்று கணக்கிடலாம். கிளம்பிய உடனே எழுதும் பழக்கமும் வேண்டாம். கரண்டு வந்து வந்து போகும் நேரம் அதுதான்.

ரிமோட் குறியீடுகளை 24சி02 போன்ற தனி சிப்பில் வைப்பவர்கள், எழுதவிடாமல் தடுக்கும் காலைச் சும்மா கிரவுண்டில் சேர்த்துவிடுகிறார்கள். அதை ரெசிஸ்டர் வழியாக மேலே இழுத்து வைத்து, எழுதும்போது மட்டும் மைக்ரோகன்ட்ரோலர் கீழே இழுக்கட்டும்.

வாட்ச்டாக் இருந்தால் போதாதா?

போதாது. மாட்டிக்கொண்ட புரோகிராமை அது மறுபடி கிளப்பும். அழிந்த பக்கத்தை அது திருப்பித் தராது.

சரி செய்துவிட்டேன். எப்படிச் சோதிப்பது?

பிளக்கை நாலு முறை பிடுங்கிச் செருகுவது சோதனை ஆகாது. பெஞ்ச் சப்ளையில் 5 வோல்ட்டிலிருந்து மிக மெதுவாகக் கீழே இறக்குங்கள், அங்கங்கே நிறுத்துங்கள், மறுபடி ஏற்றுங்கள். ரீசெட் பின்னையோ, மின்னும் ஒரு எல்இடியையோ ஸ்கோப்பில் பாருங்கள். டிடெக்டர் வெட்டும் இடத்தில் போர்டு சுத்தமாக நிற்க வேண்டும், தடுமாறக்கூடாது. அப்புறம் ஒரு ரிலேயையும் இன்னொரு போர்டையும் வைத்து, வெவ்வேறு இடைவெளிகளில் சப்ளையை வெட்டி வெட்டி இரவு முழுக்க ஓட விடுங்கள். காலையில் ஃபிளாஷைப் படித்து மூல ஃபைலோடு ஒப்பிடுங்கள். ஓடுகிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. எப்போதாவது மட்டும் ஓடும் ஒரு பகுதி அழிந்திருந்தால் அன்று தெரியாது.

ஏற்கெனவே வீடுகளில் மாட்டிய போர்டுகளை என்ன செய்வது?

பெரும்பாலும் போர்டைக் கழற்றவே வேண்டியதில்லை. ஐஎஸ்பி கனெக்டர் (சிப்பைக் கழற்றாமல் புரோகிராமரை மாட்டும் இடம்) இருந்தால் ஃபியூஸ் பிட்டை மட்டும் அங்கேயே மாற்றலாம், புரோகிராமை அழிக்கத் தேவையில்லை. ஏற்கெனவே லாக் போட்ட சிப் என்றால் ஃபியூஸும் பூட்டியிருக்கும். அப்போது முழுவதும் அழித்து, மறுபடி ஏற்றித்தான் ஆக வேண்டும். முழு அழிப்பில் ஈஈப்ரோமும் சேர்ந்து போகலாம், ஆகவே ரிமோட்டுகளை மறுபடி பதிய வேண்டியிருக்கும் என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புது போர்டுகளில் ஃபியூஸை முதலில் எழுதி, லாக்கைக் கடைசியில் போடுங்கள். போன கையோடு, மோட்டார் கிளம்பும்போது பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்றும் ஸ்கோப்பில் பார்த்துவிட்டு வாருங்கள்.